அடிமண் உரிமை

நிலத்துக்கு மேலே இருப்பதெல்லாம் உங்களுக்கே, கீழே இருப்பதை மட்டும் எனக்கு எழுதிக் கொடுங்கள் என்று ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கிக் கேட்டால் வேறு ஆட்கள் பயந்திருப்பார்கள். நான் பயப்படவில்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாடுகாணிச் சரிவில் இத்தனை குடும்பங்கள் இருக்க, இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆளிடம் வந்து மாட்டிக்கொண்டாரே, பாவம் என்று நினைத்தேன். பாவம் யார் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அது எழுபத்தெட்டாம் வருடம், தை மாதம். வந்தவர் பெயர் கருணாகரன். கோயமுத்தூர்க்காரர். வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பேச்சிலும் அதே மரியாதை. உங்கள் ஒன்றேகால் ஏக்கரில் தேயிலை இருக்கட்டும், மிளகுக்கொடி இருக்கட்டும், வீடு இருக்கட்டும், ஒன்றையும் நான் கேட்கவில்லை என்றார். மண்ணுக்கு அடியில் பொன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அந்த உரிமைக்கு மட்டும் ஐயாயிரம் ரூபாய் தருகிறேன் என்றார்.

பொன் என்ற சொல் எங்களுக்குப் புதிது இல்லை. நூறு வருடத்துக்கு முன்னால் வெள்ளைக்காரக் கம்பெனிகள் வந்து தேவாலா, பந்தலூர்ப் பக்கமெல்லாம் மலையைக் குடைந்து பார்த்துவிட்டுப் போன குழிகள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. அந்தக் குழிகளில் ஆடு விழுந்து நான் பார்த்திருக்கிறேன். பொன் எடுத்த ஆளைப் பார்த்ததில்லை.

ஆனால் குழி என்றால் எனக்குத் தெரியும். நாங்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். எழுபத்திரண்டில் கப்பல் ஏறும்வரை இரத்தினபுரிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தோம். அந்தப் பக்கத்து வயல்களில் மாணிக்கக் கல் குழி வெட்டுவார்கள். தோட்டத்தில் வேலைக்குப் பேர் போடாத நாட்களில் நான் அங்கே போய்விடுவேன். பேர் போட்ட நாட்களிலும் போனதுண்டு என்று என் மனைவி பேச்சி சொல்வாள், அதையும் மறுக்க முடியாது. அங்கே ஒரு ஒழுங்கு உண்டு. நிலத்துக்காரன் குழி வெட்ட இடம் கொடுப்பான். வெட்டுகிறவர்கள் வெட்டுவார்கள். கல் இருக்கிற சரளை மண்ணை மேலே கொண்டுவந்து, பங்காளிகள் எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் கூடையில் போட்டுக் கழுவுவார்கள். கிடைத்ததில் நிலத்துக்காரனுக்கு ஐந்தில் ஒரு பங்கு. வேலை முடிந்ததும் குழியை மூடிவிட்டுப் போய்விடுவார்கள், மறு வருடம் அதே வயலில் நெல் நிற்கும்.

அதனால் கருணாகரன் கேட்டது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. குழிக்கு இடம் கேட்கிறார், அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் குழியில் இடுப்பளவு சேற்றில் நின்றவன் நான். இப்போது நான் நிலத்துக்காரன். என் பங்கை நான் கேட்க வேண்டாமா? ஐயாயிரத்தோடு ஐந்தில் ஒரு பங்கும் வேண்டும் என்று காலை ஆட்டிக்கொண்டு சொன்னேன். அவர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, ஆகட்டுமுங்க என்று உடனே சொல்லிவிட்டார். அப்படி உடனே ஒத்துக்கொள்கிற ஆளிடம் சந்தேகப்பட வேண்டும் என்பது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு என் பேரத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இன்னொரு ஒழுங்கும் உண்டு. அதைச் சொன்னால்தான் நான் செய்த முட்டாள்தனம் முழுசாகப் புரியும். இரத்தினபுரிக் குழிகளில் பெண்கள் கிட்ட வரக் கூடாது. செருப்புப் போட்டு வரக் கூடாது. குழி வெட்டுவதைப் பற்றி வீட்டுப் பெண்களிடம் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் கல் கண்ணில் படாது என்பார்கள். கடல் தாண்டி வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது, அங்கே கேட்டது மாணிக்கம், இங்கே கேட்பது பொன். ஆனாலும் அந்த ஒழுங்கை நான் விடவில்லை. பேச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கருணாகரன் நிலத்தின் ஆதாரத்தைக் கேட்டார். இந்தப் பக்கத்தில் கிரயப் பத்திரத்தை ஆதாரம் என்றுதான் சொல்வோம். அது தகரப் பெட்டியில் இருந்தது, பெட்டிச் சாவி பேச்சியின் இடுப்பில் இருந்தது. கேட்டால் எதற்கு என்பாள். எனவே மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையைக் காட்டினேன். அது மட்டும் வெளியே அலமாரியில் இருந்தது. குடும்பத் தலைவர் வேலன், மனைவி பேச்சி என்று அதில் போட்டிருக்கும். கப்பல், முகாம், சேரம்பாடி அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை, லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்று, எல்லாமே அந்த அட்டையில் என் பெயரைப் பார்த்துத்தான் கிடைத்தன. நிலமும் அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். அவசரத்தில் இருந்த கருணாகரனும், சரி, ஆதாரத்தைப் பதிவு அன்றைக்குக் கொண்டுவந்தால் போதும் என்றுவிட்டார்.

நாடுகாணி டீக்கடையில் வைத்து முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினோம். எழுதினோம் என்ன, அவர் எழுதிக் கொண்டுவந்திருந்தார். எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் அந்த வாசகம் தேர்வடம் மாதிரி நீளமாக இருந்தது. இரண்டு வரி வாசித்தேன், மூன்றாவது வரியில் மூச்சு முட்டியது. டீக்கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாத குழி விஷயமா என்கிற தோரணையில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, முன்பணம் ஐந்நூறை வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு மாதத்தில் கூடலூரில் பதிவு என்று பேச்சு.

மறுநாளே சோதனைக் குழி வெட்ட நாலு ஆட்கள் வந்தார்கள். பேச்சி பக்கத்துத் தனியார் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கப் போகிறவள். ஏழு மணிக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் வருவாள். அவள் போன பிறகு ஆட்கள் வருவார்கள், வருவதற்கு முன்பு போய்விடுவார்கள். மேல் மூலையில் பலா மரத்துக்குப் பின்னால் பத்தடி ஆழத்துக்கு வெட்டினார்கள். அந்தப் பக்கம் பெரிய பாம்பைப் பார்த்தேன், நீ போகாதே என்று அவளிடம் சொல்லிவைத்தேன். என்ன பாம்பு என்று கேட்டாள். நான் பாம்பின் பெயர் ஒன்றைக்கூட யோசித்து வைத்திருக்கவில்லை. நீளமான பாம்பு என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

இருபத்தைந்து நாளில் ஊற்று கலங்கியது. எங்கள் வீட்டுக்குக் கீழே பாறை இடுக்கில் ஒரு ஊற்று உண்டு. மாசி, பங்குனியில் சரிவே காய்ந்து கிடக்கும்போதும் அது வற்றாது. எங்களுக்கும் அக்கம்பக்கத்து ஐந்து வீட்டுக்கும் அதுதான் தண்ணீர். பேச்சி ஒரு நாள் காலையில் குடத்தைச் சாய்த்துக் காட்டினாள். அடியில் காவி நிறத்தில் மண் தங்கியிருந்தது. மழையே இல்லாமல் எப்படிக் கலங்கும் என்றாள். இரண்டு நாள் கழித்து, குடம் நிறைய அரை மணி நேரம் ஆகிறது என்றாள். வழக்கமாக ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம்தான் ஆகும்.

பலா மரத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். குழியின் அடியில் முழங்காலளவு தண்ணீர் நின்றது, ஆட்கள் வாளியால் இறைத்து மறுபக்கம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இரத்தினபுரியில் குழியில் தண்ணீர் வந்தால் பம்பு வைத்து இறைத்துத் தள்ளுவோம். அது எங்கிருந்து வருகிறது, யாருடைய கிணற்றிலிருந்து போகிறது என்று ஒரு நாள்கூட நாங்கள் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்த வயலில் எங்களுக்குக் கிணறும் இல்லை, வீடும் இல்லை.

அன்றைக்கு ஜீப்பில் வந்த கருணாகரனிடம் ஊற்று விஷயத்தைச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"அதுக்கு ஏனுங்க பயப்படறீங்க? பதிவு முடிஞ்சதுன்னா கீழ பெரிய குழி போடுவமுங்க. அப்ப தண்ணிய மொத்தமா அந்தப் பக்கம் திருப்பி உட்டுருவம். பத்திரத்துல அதெல்லாம் எழுதியிருக்குதுங்களே."

கீழே என்றால் எங்கே என்று கேட்டேன். அவர் கை என் வீட்டைக் காட்டியது. வீட்டுக்கு நஷ்டஈடு உண்டு, அதுவும் எழுதியிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அவர் பொய் சொல்கிற ஆளாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் எழுதித்தான் வைத்திருந்தார். வாசிக்காதவன் நான்.

மறுநாள் காலை பஸ்ஸில் கூடலூருக்கு ஓடினேன். பதிவு ஆபீசுக்கு எதிரே ஹாஜா என்று ஒரு பத்திர எழுத்தர் இருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதைத் தேடுகிற ஆள், ஆனால் காகிதத்தில் மட்டும் கண் தப்பாது. என்னுடைய நகலை வாங்கி, உதடு அசையாமல் முதலில் ஒரு தரம் முழுசாக வாசித்தார். பிறகு எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். நிலத்துக்கு அடியில் உள்ள பொன், மற்ற உலோகம், கல், மண், நீர் யாவும். என்றென்றைக்கும். அவற்றை எடுப்பதற்காக நிலத்தின் மேலே தோண்டவும், பாதை போடவும், கொட்டகை கட்டவும், கட்டடங்களை அகற்றவும், நீரோட்டத்தைத் திருப்பவும். நானோ என் வாரிசுகளோ தடை சொல்லக் கூடாது. நஷ்டஈடு, வாங்குபவர் நியாயம் என்று கருதும் தொகை.

"என்னோட அஞ்சுல ஒரு பங்கு?" என்று கேட்டேன்.

ஹாஜா காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தார். பங்கு என்ற சொல்லே அதில் இல்லை.

"வேலண்ணே, அடியில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றேன்.

"அவருக்குத் தெரியுமா?"

அதுவும் எனக்குத் தெரியவில்லை.

"என்ன இருக்குன்னு தெரியாம, எவ்வளவு பெறும்னு தெரியாம, எத்தனை வருஷத்துக்குன்னு கேக்காம, மேல இருக்கிறது என்னாகும்னு பாக்காம வித்திருக்கீங்க. ஒரு ஆட்ட விக்கிறதா இருந்தாக்கூடப் பல்லப் பிடிச்சுப் பாத்துட்டுத்தானே விப்பீங்க?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மனம் இளகி, டீ வரவழைத்துக் கொடுத்தார். பொன் எடுக்கவேண்டுமானால் சர்க்கார் அனுமதி வேண்டும், அது கருணாகரனுக்குக் கிடைக்கிறதோ இல்லையோ என்றார். கிடைக்காவிட்டாலும் அவருக்கு நஷ்டமில்லையாம். இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு, அடியில் பொன் இருக்கிறது என்று சொல்லிப் பட்டணத்தில் வேறு ஒருவருக்கு விற்றுவிடலாம். அந்த ஒருவர் இன்னொருவருக்கு விற்கலாம். ஒரு குந்துமணிப் பொன்கூட வெளியே வராமலே எங்கள் நிலம் கைமாறிக்கொண்டே போகும், கடைசியில் யார் ஜீப்பில் வந்து வீட்டை இடிக்கச் சொல்வார் என்று யாருக்கும் தெரியாது. அப்படி உரிமையைக் கொடுக்கிறவர்கள்கூட விவரம் தெரிந்து கொடுப்பார்களாம். நாலைந்து இடத்தில் விசாரிப்பார்கள், இத்தனை வருடம் என்று கெடு வைப்பார்கள், வீட்டிலிருந்து இத்தனை அடிக்குள் தோண்டக் கூடாது என்று எழுதுவார்கள், எடுக்க எடுக்கப் பங்கு வாங்குவார்கள். என் காகிதத்தில் இவற்றில் ஒன்றுமில்லை. மூல ஆதாரத்தைக் கொண்டுவாருங்கள், அதில் ஏதாவது பிடி கிடைக்கிறதா பார்க்கிறேன் என்று அனுப்பிவைத்தார். பதிவுக்கு இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வந்தது. இலங்கையில் பாட்டன் காலத்திலிருந்து லயத்தில் இருந்தோம், சுவரில் ஆணி அடிக்கக்கூட தொரையைக் கேட்க வேண்டும். இங்கே வந்தும் இரண்டு வருடம் லயம்தான். பிறகுதான் இந்த இடம் கிடைத்தது. கூரைக்குத் தகடு போட்டு, வாசலில் பேச்சி ஒரு முருங்கையை வைத்து, இது நம்முடையது என்று சொல்ல நாலு வருடம்தான் ஆகியிருந்தது. அதை ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சாவி கேட்டே ஆகவேண்டும். பேச்சி வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப், குழி, ஐந்நூறு ரூபாய், பாம்பு இல்லை என்பது, ஹாஜா வாசித்துக் காட்டியது, ஒன்றையும் விடவில்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கிழங்கை வீசினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவள் உரித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்த வாங்குல வச்சுக் கையெழுத்துப் போட்டீங்க?"

டீக்கடை பெஞ்சை இன்னும் அவள் வாங்கு என்றுதான் சொல்வாள். சொன்னேன். ம் என்றாள். நாளைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் வருகிறேன் என்றாள். சாவியைத் தரவில்லை. அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள். நான் புரண்டுகொண்டே கிடந்தேன்.

காலையில் ஆதாரத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஹாஜாவின் மேசையில் துணியை அவிழ்த்து வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். ஹாஜா முதல் பக்கத்தைப் பார்த்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மறுபடி பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. என் குடி முழுகிக்கொண்டிருக்கிறது, இந்த மனுஷன் சிரிக்கிறாரே என்று.

"அண்ணே, நிலத்த வாங்கினது யாரு?" என்றார்.

நாங்கதான் என்றேன்.

"வாங்கினது வேலன் மனைவி பேச்சி. பேச்சி மட்டும்தான். இதுல உங்க பேரு அவுங்களுக்குப் புருஷன்ங்கிற இடத்துல மட்டும்தான் இருக்கு."

எழுபத்தி நாலில் நிலம் வாங்கியபோது நான் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தேன். தோட்டத்துச் சம்பளத்தில் பிடித்துவைத்து இலங்கையிலிருந்து வந்த சேமலாப நிதியில் வாங்கினோம். அதில் முக்கால்வாசி பேச்சியுடையது. அவள் ஒரு நாள் தவறாமல் பேர் போட்டவள், நான் குழி குழியாகப் போனவன். லயத்தில் பக்கத்து வீட்டிலிருந்த தபித்தாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தாள். முடிந்தது என்று சொன்னாள். யார் பெயரில் என்று நான் கேட்கவில்லை. வேறு யார் பெயரில் இருக்கும் என்றுதான் இருந்தேன். நாலு வருடமாக அந்தப் பெட்டியை நான் திறந்ததில்லை.

அப்படியானால் என் ஒப்பந்தம் என்னாகும் என்று கேட்டேன். ஹாஜா வெளியே கை காட்டினார். ரோட்டில் ஒருவர் வாழைத்தார் தூக்கிக்கொண்டு போனார். அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் எவ்வளவு செல்லுமோ அவ்வளவுதான் உங்கள் கையெழுத்தும் செல்லும் என்றார். வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

வாழ்க்கையில் எனக்கு எத்தனையோ அவமானம் நடந்திருக்கிறது. இவ்வளவு சந்தோஷமான அவமானம் நடந்ததில்லை. என் பேச்சு செல்லாது, என் எழுத்து செல்லாது, நான் ஒன்றுமில்லாத ஆள் என்று ஒருவர் சட்டப்படி சொல்கிறார், எனக்கோ அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருக்கிறது. மார்பில் வைத்திருந்த பாறையை யாரோ எடுத்துவிட்டார்கள். திரும்பி பேச்சியைப் பார்த்தேன். நேற்றே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"ஒரு ராவாவது நீங்க தூங்காமக் கெடக்கணும்னு நெனச்சேன்" என்றாள்.

மறுநாள் பதிவு ஆபீஸ் வாசலில் கருணாகரனைப் பார்த்தோம். ஐந்நூறையும் ஆதாரத்தையும் ஹாஜா அவருக்குக் காட்டினார். அவர் முகம் சிவந்தது. குடும்ப அட்டையைக் காட்டி ஏமாற்றிவிட்டாய் என்று என்னைத் திட்டினார், அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. பிறகு சட்டென்று குரலை இறக்கி பேச்சியிடம் திரும்பினார். அவள் கையெழுத்துப் போட்டால் ஏழாயிரம் தருகிறேன் என்றார். இரண்டாயிரம் கூடுகிறது. எனக்கு உள்ளே ஒரு நொடி சபலம் தட்டியது, மறைக்க மாட்டேன். பேச்சி அவரிடம் பதமாகத்தான் கேட்டாள்.

"அடியில என்னா இருக்குங்கய்யா?"

பார்த்தால்தான் தெரியும் என்றார். எத்தனை அடி போவீர்கள் என்றாள். அதுவும் போகப் போகத்தான் தெரியும். எத்தனை வருடம்? சொல்ல முடியாது. ஊற்று அந்தப் பக்கம் போய்விட்டால் ஆறு வீடும் எங்கே தண்ணிக்குப் போகும்? அதற்கு அவர், எட்டாயிரம் என்றார்.

"ஒண்ணும் தெரியாமலே ஆயிரம் ஆயிரமாக் கூட்டுறீங்களே. நீங்க மொதல்ல தெரிஞ்சுக்கிட்டு வாங்க. நானும் நாலு பேருகிட்ட விசாரிச்சு வைக்கிறேன். அதுக்குப் பெறகு கதைப்போம்."

அவர் ஐந்நூறை வாங்கி எண்ணாமலே பையில் வைத்துக்கொண்டு, ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த ஜீப்பை நாடுகாணியில் நாங்கள் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பலா மரத்தடிக்குப் போனேன். எனக்கு அவ்வளவு உற்சாகம். அன்றைக்கே அந்தக் குழியை மூடி, மிதித்துச் சமமாக்கி, இப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஆக்கிவிட வேண்டும். பேச்சியும் பின்னால் வந்தாள். முதல் தடவையாகக் குழியோரத்தில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் காலில் ரப்பர் செருப்பு இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

சந்தோஷத்தில் நாக்கு நீண்டுவிட்டது. கேலியாகத்தான் கேட்டேன், நல்லவேளை உன் பேர்ல மட்டும் எழுதின, ஆனா ரெண்டு பேரையும் போடாம ஏன் அப்படிச் செஞ்ச, என்மேல அவ்வளவு நம்பிக்கையா என்று. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க எழுபதுல பிரஜாவுரிமைப் பாரம் வந்தப்ப நீங்க கந்தோருக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்தீங்க. அந்தியில வந்து, இந்தியாவுக்கு எழுதியாச்சுன்னு சொன்னீங்க. என்னைய ஒரு வார்த்தை கேக்கல. மூக்கம்மா வீட்டுக்காரரு அங்கயே இருக்கிறோம்னு எழுதினாரு. அவ அங்க, நான் இங்க."

மூக்கம்மா அவளுடைய தங்கை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள். ஆறு வருடமாகக் கடிதம்தான். பேச்சி அவளை நினைத்து என் முன்னால் அழுததில்லை, இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பேசாததால் அவளுக்கும் சம்மதம் என்று நான் வைத்துக்கொண்டேன். குடும்பத் தலைவன் எழுதினால் குடும்பம் எழுதியதாகத்தானே கணக்கு. நானும் அப்படித்தான் அன்றைக்குக் கந்தோர் என்று நாங்கள் சொல்லும் அந்த ஆபீசில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அந்த விண்ணப்பப் பாரத்தையும் நான் முழுசாக வாசிக்கவில்லை. அந்தக் கையெழுத்தைச் செல்லாது என்று சொல்ல எந்த ஹாஜாவாலும் முடியாது.

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அவள் அதைச் சொல்லிவிட்டதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. எட்டு வருடமாக அவளுக்குள் இருந்தது என்ன என்று இப்போதாவது தெரிந்துகொண்டேன். மண்வெட்டியைத் தூக்கினேன். தூக்கியவன் அப்படியே நிறுத்தினேன். இந்தக் குழி இருக்கிற நிலம் அவளுடையது.

"பேச்சி, மூடட்டுமா?" என்று கேட்டேன்.

நான் விளையாட்டுக்குக் கேட்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று தெரிந்த பிறகு குழியை இன்னொரு தரம் சுற்றி வந்தாள். எனக்கு அவசரமில்லை, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"மூடுங்க" என்றாள்.